இயந்திரத்துக்கு ஓர் உதவியாளர்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் வரவேற்பறையில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது, அடையாள அட்டை கொடுப்பது, உள்ளே போன் செய்து சொல்வது. இதற்கெல்லாம் ஒரு மனுஷி தேவையில்லை என்பதைக் கம்பெனி கண்டுபிடிக்க, உலகத்துக்கே நோய் வரவேண்டியிருந்தது.

ஊரடங்கின்போது எச்.ஆர். அம்மாள் வீடியோவில் வந்தார். "ரிசப்ஷன்ல மெஷின் வெக்கிறோம். முகத்தைப் பார்த்து அதுவே கதவு திறக்கும். எல்லாம் உங்க சேஃப்டிக்காகத்தான்" என்றார். அவ்வளவு அக்கறை! கம்பெனி கேப் ஓட்டிய என் கணவரும் அதற்குள் பத்திரமாக வீட்டில்தான் இருந்தார். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் கார் யாருக்கு?

"நம்ம ரெண்டு பேரையும் இவ்ளோ பத்திரமா வெச்சிட்டாங்களே, சோத்துக்கு இன்னா பண்றது?" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் ஸ்ரீராம்புரத்து ஒற்றை அறை வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அலுவலகம் பாதி திறந்ததும் அதே அம்மாள் போன் செய்தார். மாஸ்க் போட்ட யாரையும் மெஷினுக்கு அடையாளம் தெரியவில்லையாம். "பக்கத்துல ஒருத்தர் நின்னு ஹெல்ப் பண்ணா போதும். கான்ட்ராக்ட்தான்."

போனேன். 'முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்' என்ற அறிவிப்பின் கீழே நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்வதுதான் என் உத்தியோகம். ஒருநாள் எச்.ஆர். அம்மாளே வந்தார்.

"மேடம், மாஸ்க் கொஞ்சம் இறக்குங்க."

இறக்கினார். அப்போதும் கதவு திறக்கவில்லை.

"லாக்டவுன்ல கொஞ்சம் வெயிட் போட்டுட்டேன், அதான்" என்று முனகினார். என் அட்டையால் திறந்துவிட்டேன்.

"நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்!" என்று உருகினார்.

சில மாதங்களில் கண்ணை மட்டும் பார்த்தே ஆளை அறியும் புது சாஃப்ட்வேர் வந்தது. நான் இல்லாமல் என்ன செய்வது என்பது அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த முறை வீடியோகூட இல்லை, ஒரு மெசேஜ்.

இப்போது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கிறேன். வலியோடு வருகிறவர்கள் யாரிடமாவது புலம்பியாக வேண்டும். அதனால் என் வேலை கொஞ்சநாள் ஓடும். கணவர் ஒரு டெலிவரி ஆப்புக்காகப் பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறார். மழையில் தாமதமானால் ஆப் அவருக்கு அபராதம் போடுகிறது. ஆனால் மரியாதையாக, 'பார்ட்னர்' என்று கூப்பிட்டுத்தான் போடுகிறது.