லிஸ்டில் இல்லாத ரவுட்டர்

உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கில் இந்த நிமிடம் எத்தனை சாதனங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன, சொல்லுங்கள் பார்ப்போம்? தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த முகத்தைத்தான் ஆறு மாதமாக எங்கள் மேனேஜரிடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது தீவுப் பக்கம், ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் ஏஜென்சியில். பழைய கட்டடம், மூன்று மாடி, ஒரு முழம் கனத்துக்குச் சுவர். ஐடி டிபார்ட்மென்ட் என்றால் இரண்டே பேர்: மேனேஜர் அண்ணனும் நானும். அவர் இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. நான் டிகிரி முடித்து வந்து இன்னும் நிரந்தரமாகாதவன். இந்த மாதக் கடைசியில் எனக்கு கன்ஃபர்மேஷன் கடிதம் வரும், அல்லது பையைத் தூக்கிக்கொண்டு அக்கரையில் பாகான் டாலாமில் வீட்டோடு கிடக்க வேண்டும். கடிதத்தில் கையெழுத்துப் போடுவது அவர்.

மாத ஆரம்பத்தில் எங்கள் பெரிய கஸ்டமர் ஒருவரிடமிருந்து ஈமெயில் வந்தது. நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து, தெரியாததைப் பூட்டிவைக்கிற டூல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கை வேறு ஏஜென்சிக்குக் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் பதறவில்லை. தன் எக்செல் லிஸ்டைத் திறந்து காட்டினார். அறுபத்து நான்கு வரி. அதில் ஒரு பிரிண்டரைப் போன வருஷமே பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. ஒரு லேப்டாப்பின் சொந்தக்காரர் வேலையை விட்டு சிங்கப்பூரில் செட்டில் ஆகிவிட்டார், லேப்டாப்போடு.

“எல்லாம் இதுல இருக்கு தம்பி. சும்மா ஒரு டூல வாங்கிக் காட்டுனா போதும் லா” என்றார்.

கம்பெனி ரூல்படி எதை வாங்கினாலும் மூன்றைப் பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும். மூன்று டூலையும் ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் வேலை எனக்கு. அதை வைத்துத்தான் கடிதம் என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

முதல் டூல் ஒரு முரடன். ஒவ்வொரு அட்ரஸாகப் போய்க் கதவைத் தட்டி, யார் நீ, என்ன ஓடுகிறது என்று விசாரிக்கும். புது மெஷின்கள் பதில் சொல்லும். கிழடுகள் செத்துவிடும். தட்ட ஆரம்பித்த பத்தாவது நிமிடம் வாசலில் வருகைக்கு விரல் வைக்கிற மெஷின் உறைந்துபோனது. எச்ஆர் அக்கா இரண்டு மாடி ஏறி வந்து, இன்று முழு ஆபீசும் ஆப்சென்ட் என்று சிஸ்டம் சொல்கிறது, உங்கள் இருவரையும் சேர்த்து, என்றார். முதல் மாடியைக்கூட முடிக்காமல் அதை நிறுத்தினோம்.

இரண்டாவது டூலோடு ஒரு சேல்ஸ்காரர் வந்தார். மொடமொடவென்று முழுக்கைச் சட்டை, கையில் ஒரு பெட்டி, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப். திரை முழுக்க உலக வரைபடம், அதில் பச்சைப் புள்ளிகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அந்தப் புள்ளிகளுக்கும் எங்கள் ஆபீசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இது டெமோ டேட்டா என்றார். இந்த டூல் வேலை செய்ய ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு குட்டி சாஃப்ட்வேரை நாமே போட்டுவைக்க வேண்டுமாம். அதாவது, நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் அது கண்டுபிடித்துக் கொடுக்கும். கண்ணாடியில் முகம் பார்ப்பதற்கு யாராவது லைசென்ஸ் வாங்குவார்களா? அண்ணன் மூன்றாவது கறிபாப்பை எடுத்துக்கொண்டு, வரைபடம் அழகாக இருக்கிறது, டைரக்டருக்குப் பிடிக்கும் என்றார்.

மூன்றாவது பார்க்கச் சகிக்காது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கறிபாப் கிடையாது. ஆனால் அது யார் கதவையும் தட்டாது. மெயின் ஸ்விட்சில் ஓரமாக உட்கார்ந்து, போகிற வருகிற பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாக ஒன்று வாயைத் திறந்தால் குறித்துக்கொள்ளும், வேண்டுமானால் அந்த லைனையே வெட்டிவிடும். அதை இரண்டு நாள் ஓடவிட்டேன். தொண்ணூற்றொரு சாதனங்கள் வந்தன.

அண்ணனின் அறுபத்து நான்கை நினைத்து ஃபெர்ரியில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்து வரி வரியாகப் பார்த்தேன். டைரக்டர் ரூம் மசாஜ் நாற்காலிக்கு வைஃபை இருக்கிறது. செக்யூரிட்டி கார்ட் உட்காருகிற இடத்தில் ஒரு டிவி பெட்டி, புட்பால் பார்க்க. எண்பத்து மூன்றாவது வரியில் சிரிப்பு நின்றது.

இரண்டாம் மாடி ஸ்டோர் ரூம், ஒரு ரவுட்டர். அந்த ரவுட்டரை எனக்குத் தெரியும். நான் வைத்தது.

சேர்ந்த இரண்டாவது வாரம், கொம்தார் கடைத்தொகுதியில் வாங்கி, ஸ்டோர் ரூம் சீலிங்குக்குள் செருகினேன். ஆபீஸ் வைஃபையில் கேம் ஓடாது, அந்தச் சுவருக்குள் போனில் லைனும் கிடைக்காது. லஞ்ச் டைமில் அரை மணி நேரம் விளையாட வேறு வழியில்லை. பாஸ்வேர்டு, எட்டு தடவை எட்டு. டிஸ்பேட்ச் ஆள் ஒருவருக்கு மட்டும் சொன்னேன். இப்போது அந்த வரிக்குக் கீழே, அதில் தொங்குகிற ஐந்து போன்கள் இருந்தன. என்னுடையது ஒன்று, டிஸ்பேட்ச் ஆட்களுடையது மூன்று. ஐந்தாவது யாருடையது என்று தெரியவில்லை. ஊரையெல்லாம் முட்டாள் என்று திட்டிக்கொண்டு, பின்கதவைத் திறந்து வைத்திருந்தது நான்தான்.

தப்பிக்க வழி இருந்தது. இரண்டாவது டூலைச் சிபாரிசு செய்தால் போதும். அது ஜென்மத்துக்கும் அந்த ரவுட்டரைப் பார்க்காது. நான் யோசித்துக்கொண்டு நின்றபோது அண்ணன் பின்னால் வந்து திரையைப் பார்த்தார். நீயா வைத்தாய் என்று மெதுவாகக் கேட்டார். ஆமாண்ணே என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கதவைச் சாத்தினார்.

“அந்த அஞ்சாவது போனு என்னோடது தம்பி.”

நான் திரையில் அந்த ஐந்தாவதைத் திரும்பப் பார்த்தேன்.

“வீடியோ பாக்க என் ரூம்ல எங்க லைன் இருக்கு? நாலு மாசத்துக்கு முந்தி டிஸ்பேட்ச்ல கேட்டேன், பாஸ்வேர்டு குடுத்தாங்க. யாரு வச்சதுன்னு கேக்கல. எதுக்குக் கேக்கணும்?” என்றார். கொஞ்சம் இருமிவிட்டு, “அந்த வரிய தூக்கிடு. ரவுட்டரையும் கழட்டிடு. ஒலக மேப் காட்டுன டூல் இருக்கு பாரு, அதையே எடுத்துக்கலாம். டைரக்டருக்கும் புடிக்கும், ஒனக்கும் லெட்டரு வந்துரும். முடிஞ்சிச்சு லா.”

ஐடி மேனேஜர். திருட்டு ரவுட்டர் ஒன்று இருப்பது நான்கு மாதமாகத் தெரியும், அதில் உட்கார்ந்து வீடியோ பார்த்திருக்கிறார். அந்த லிஸ்டை ‘கம்ப்ளீட்’ என்று சேவ் செய்தவரும் அவர்தான். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் ஒரு மரியாதை வேண்டும்.

சாயந்திரம் ஃபெர்ரியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வரியை அழித்தேன். இரண்டாவது டூலின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘சிபாரிசு’ என்று டைப் செய்தேன். அந்தப் பச்சைப் புள்ளிகள் ஞாபகத்துக்கு வந்தன. நான் எழுதிய ரிப்போர்ட்டை வைத்து அந்த முழுக்கைச் சட்டை ஜெயித்து, அடுத்த ஆபீசுக்கும் கறிபாப் எடுத்துக்கொண்டு போவான். இதை எந்த மடையன் தேர்ந்தெடுத்தான் என்று பின்னால் வருகிறவன் கேட்பான். நேர்மை என்று நினைத்து யாரும் கைதட்ட வேண்டாம். அந்தக் குப்பைக்குக் கீழே என் பெயர் இருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அழித்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தேன். சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். ஐந்தாவது போனுக்கு நேராக ‘ஐடி மேனேஜர்’ என்று எழுதினேன். மூன்றாவது டூலைச் சிபாரிசு செய்து டைரக்டருக்கும் அண்ணனுக்கும் அனுப்பியபோது படகு அக்கரையில் பட்டர்வொர்த்தை நெருங்கிவிட்டது.

அது திங்கட்கிழமை. அதற்குப் பிறகு அண்ணன் என்னிடம் ஈமெயிலில் மட்டும்தான் பேசுகிறார். டைரக்டர் எதுவும் சொல்லவில்லை. மசாஜ் நாற்காலியின் வைஃபையை மட்டும் யாரோ அணைத்திருக்கிறார்கள். ரவுட்டரைக் கழற்றி என் டிராயரில் வைத்திருக்கிறேன்.

இன்று வெள்ளி, மாதக் கடைசி, மணி நாலரை. கடிதம் அண்ணன் மேசையில் கையெழுத்து இல்லாமல் கிடக்கிறது.