கையுறைக்கு வெளியே

யார் உள்ளே வந்தாலும் மேடம் முதலில் அவர் கையை முகர்ந்து பார்ப்பார். இயக்குநரே வந்தாலும் தப்ப முடியாது. "கிரீம் போட்டிருக்கீங்களா? அப்போ அங்கேயே நின்னு பேசுங்க." ஏரிச் சேற்றில் பாசி விட்டுப்போன எண்ணெயைத் தேடும் ஆய்வகம் அது. ஒரு விரல் பட்டால் போதும், ஒரு வாரப் பாடு பாழ்.

சேறு சேர்க்காமல் வெறும் கரைப்பானை மட்டும் கருவியில் செலுத்துவதை 'சும்மா ஓட்டுறது' என்பார். அதிலும் எண்ணெய் தெரிந்தால் தப்பு சேற்றில் இல்லை, நம்மிடம்தான். "சும்மா ஓட்டியாச்சா?" என்று ஓயாமல் கேட்டே 'சும்மா மேடம்' ஆகிவிட்டார்.

பாசி என்றால் வாய் மூடாது. "பாசி செத்தா மத்ததெல்லாம் அழுகிடும். இந்த எண்ணெய்க்கு மட்டும் பிடிவாதம். காத்து புகாத சேத்துல மாட்டினா ஹைட்ரஜனை வாங்கிக்கிட்டு ஆளே மாறிடும். ஆனா கார்பன் எலும்புக்கூடு அப்படியே நிக்கும்." அப்படி மாறிய எண்ணெயான ஸ்குவாலேன் கிடைத்தால், ஏரியின் அடி ஒரு காலத்தில் மூச்சுமுட்டிக் கிடந்தது என்பதற்குச் சாட்சி. மூன்று வருடமாக அதையே சொல்லி வந்தார், ஒருவரும் நம்பவில்லை. போன மாதம் அது கிடைத்தது. தரையில் கால் பாவவில்லை.

கட்டுரை அனுப்ப வேண்டிய வாரம். கூட வேலை பார்ப்பவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேடம், நீங்க எடை போட்ட சேத்துல மட்டும்தான் அது வருது. நான் போட்டதுல இல்ல. சும்மா ஓட்டுறதும் எப்பவும் நான்தானே, அதான் அதுலயும் தெரியல."

மேடத்தின் முகம் சுண்டிப்போயிற்று. கணவரின் மரத்துப்போன காலுக்கு மருத்துவர் போன மாதம்தான் களிம்பை மாற்றியிருந்தார். காலையில் அதைத் தேய்த்துவிட்டுக் கை கழுவித்தான் வருகிறார். ஆனாலும் பெட்டியிலிருந்து கையுறையை உருவி மாட்டுவது அதே விரல்கள். மிச்சப் பிசுக்கு கையுறையின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் அந்தக் களிம்பில் ஒரு துளி எடுத்துக் கரைத்துக் கருவியில் ஓட்டினார். வரைபடத்தில் அதே இடத்தில் ஸ்குவாலேனின் அதே முகடு எழுந்தது.

"நான்தாம்மா அந்தப் பாசி," என்று சிரிக்கப் பார்த்தார். கட்டுரை நின்றுபோயிற்று.

விஷயம் தெரிந்த கணவர் களிம்பைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தார். "உன் வேலைக்கே உலை வச்சிடுச்சே இந்தக் கால். இனிமே வேண்டாம்மா."

"சும்மா இருங்க. கொடுங்க இப்படி."

கணுக்காலிலிருந்து முழங்கால்வரை, வழக்கத்தைவிட நிதானமாகத் தேய்த்தார்.

அன்று ஆய்வகத்துக்குள் அவர் நுழையவில்லை. வாசலிலேயே நின்று, கூட வேலை பார்ப்பவளைக் கூப்பிட்டு, முகர்ந்து பார்க்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினார்.