தழும்பில்லாத வைத்தியம்

"தழும்பு விழுமாங்க டாக்டர்?" பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அக்காவின் இதயத்தைப் பற்றி அம்மா கேட்ட ஒரே கேள்வி இதுதான். விழாது என்று டாக்டர் சொன்னதும் அம்மாவின் முகம் தெளிந்ததை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம். வெயிலில் உப்பு வாரும் எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும் என்று அக்காவின் மூச்சிரைப்பை வருஷக்கணக்கில் யாரும் பொருட்படுத்தவில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று, போக வேண்டிய சதைக்குப் போகாமல் இதயத்தின் அறைக்குள்ளேயே திறந்துகொண்டிருந்ததாம்; பிறவிக் கோளாறு. "வரப்பு ஒடஞ்சி தண்ணி வேற பாத்திக்குப் போறாப்பல," என்று அப்பா சரியாகப் புரிந்துகொண்டார். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, சுருள் கம்பியால் அந்த வாயை அடைத்தார்கள். மூன்றாம் நாள் அக்கா நடந்தே வீட்டுக்குள் வந்தாள். "மாத்திரைய மட்டும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. வீங்கிப்போன குழாயில ரத்தம் உறைஞ்சிட்டா ஆபத்து," என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியனுப்பியிருந்தார்.

நான்காம் மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்கு எதுவும் தெரியாது. "புதுப்பொண்ணு தெனம் மாத்திர முழுங்கினா இன்னா நெனப்பாங்க? ஒரு மாசம் வுடு, அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் அம்மா. அக்கா என்னைப் பார்த்தாள். நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள் நான். நிறுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவள் பெட்டியிலிருந்த மாத்திரைகளையும் ஆஸ்பத்திரி ஃபைலையும் எடுத்து எங்கள் பீரோவில் வைத்ததும் நான்தான்.

கல்யாணமான பத்தொன்பதாம் நாள் அக்காவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. முன்னே ஏதாவது வைத்தியம் பார்த்ததுண்டா என்று மாப்பிள்ளை ஊர் டாக்டர் கேட்டபோது அவள் கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள். வாயு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆட்டோ வீடு போய்ச் சேர்வதற்குள் அக்கா போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு அந்த ஃபைலை நானே அக்காவின் கணவரான மாமாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தெனம் எடுத்துக் குடுத்திருப்பனே," என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்குப் பூ வைத்துக்கொண்டே அம்மா, "அக்கா எப்பிடிப் போனான்னு கேட்டா மஞ்சக்காமாலன்னு சொல்லிடு," என்றாள். அவர்களும் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன், மாத்திரையை எடுத்து வைத்தவள் நான் என்பது உட்பட. எழுந்து போனவர்கள் தகவல் அனுப்பவில்லை.

"ஒன் வாழ்க்கைய நீயே கெடுத்துக்கினியே," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்காவுக்காகக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.