கோலமாவு விழுந்த வலை

பிள்ளைகளா, ஒரு சிலந்தி வலை கட்டுவதை முழுசாகப் பார்த்தவன் நான். நீங்கள் பிறப்பதற்கு முந்தின சாரல் காலம் அது.

அப்போது குற்றாலத்தில் வீட்டு முன்புறம் எண்ணெய்க்கடை வைத்திருந்தேன். கல்லூரியில் விலங்கியல் படித்த ஒரு மாணவர் தென்காசியில் தங்கி, தினமும் முதல் பஸ்ஸில் வந்து எங்கள் புறவாசலில் உட்காருவார். அங்கே எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் நடுவே ஒரு மஞ்சள் சிலந்தி இருந்தது. அது வலை கட்டுவதை முதல் நூலிலிருந்து கடைசி நூல் வரை பார்த்து வரைந்துகொண்டு போக வேண்டும். அதுதான் அவருடைய படிப்பு வேலை. ஆனால் பஸ் வருமுன்னே சிலந்தி கட்டி முடித்திருக்கும்.

"இன்னைக்கும் எனக்கு முந்திட்டுல்லா அண்ணாச்சி!"

"இங்கனயே தங்கிருங்க தம்பி."

"இருட்டுல எப்படிப் பாக்க? விளக்கு வச்சா பூச்சி வந்து விழுந்து எல்லாம் மாறிப்போகும்."

ஊருக்குத் திரும்பும் நாளும் வந்துவிட்டது. கட்டின வலையையாவது வரையலாம் என்று உட்கார்ந்தார். மழை மூட்டத்தில் நூலே தெரியவில்லை. அலுத்துப்போய் என்னோடு காப்பி குடிக்க எழுந்து வந்தார். திரும்பிப் போனால், வலை வெள்ளை வெளேரென்று அந்தரத்தில் கோலமாகத் தொங்குகிறது! பக்கத்தில் கோலமாவுச் சிரட்டையோடு உங்கள் அம்மா.

"என்ன மதினி இப்பிடிச் செஞ்சிட்டிய?"

"நூலு தெரியலன்னு நீங்கதான சொன்னிய? இப்பத் தெரியுதா இல்லியா?"

"ஏட்டி, ஒன் கோலத்துல அது குடியிருக்குமா?" என்றேன்.

சிலந்தி வலையைக் குலுக்கிப் பார்த்தது. பிறகு ஓரத்துக்கு நகர்ந்தது. "போச்சு" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் அது போகவில்லை. நூலை அறுத்து, சுருட்டி, வாயில் போட்டது.

"மாவையுமா திங்கு?" என்றாள் அம்மா.

"வலையையே திங்குது மதினி. பழசத் தின்னுட்டுத்தான் புதுச..." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, கட்டப்போகுது!"

எலுமிச்சை இலையில் நின்று பின்பக்கத்தைத் தூக்கியது. ஒற்றை நூல் காற்றில் மிதந்து போய்க் கொய்யாவைப் பிடித்தது. அதன்மேல் நடந்தது. சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நூல்களை இழுத்தது. நடுவிலிருந்து வெளியே அகல அகலமாக ஒரு சுற்று. அப்புறம் ஓரத்திலிருந்து உள்ளே நெருக்க நெருக்கமாக. கொத்தனார் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி, முதலில் போட்ட சுற்றை அறுத்துக்கொண்டே வந்தது. இடைவெளியைக் காலால் அளந்தது. கொத்தனாருக்காவது அளவுகோல் உண்டு. இதற்கு என்ன உண்டு?

தூறல் போட்டது. தாள் நனையாமல் நான் குடை பிடித்தேன். கடை வாசலில் எவனோ, "எண்ண ஊத்த ஆளில்லியாவே?" என்று கத்தினான். போக மனசில்லை. தாளில் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் நடுவே வெள்ளையாகக் கோணல்மாணல் பட்டை போட்டு, எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தலைகீழாக உட்கார்ந்துகொண்டது. அவர் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.  

உங்கள் அம்மா சிரட்டையை முந்தானையில் மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "ஒரு புள்ளிகூட வைக்காமக் கோலம் போட்டுட்டே இது!"