முன்னால் நடந்த ஆள்

கள்ளக்குறிச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஊசிக்காகக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். மணலூர்பேட்டைப் பக்கத்துக் கரும்பு விவசாயி. நெடிய உடம்பு, நரைத்த மீசை. எந்த வாசலுக்கு வந்தாலும், யாருக்கோ வழிவிடுவதுபோல் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நுழைவார்.

"யாருக்குங்க நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"முன்னாடி ஒரு ஆளு போய்க்கினே இருக்காருங்க. முதுகுதான் தெரியுது. கண்ணுக்குள்ள கசிஞ்ச ரத்தந்தான் அப்படித் தெரியுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இருந்தாலும் இடிச்சிக்கினு போவ முடியுங்களா?"

எனக்கும் அதே வியாதிதான். சர்க்கரையால் விழித்திரைக்கு ரத்தம் குறையும்போது, அது ஒரு புரதத்தைச் சுரந்து புது ரத்தக்குழாய்களை வளர்க்கிறதாம். அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்கள் தாங்காமல் உடைந்து கசிகின்றன. அந்தப் புரதத்தை அடக்கத்தான் கண்ணிலேயே ஊசி போடுகிறார்கள்.

அடுத்த மாதம் அவர் எங்கும் நிற்காமல் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப அந்த ஆளு இல்லீங்களா?"

"இல்லிங்க. ஊசி போட்டப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிட்டாரு. போறப்ப ஒரு தபா திரும்பிப் பாத்தாரு."

"மூஞ்சி தெரிஞ்சுதா?"

போன மாதம் என்னைச் சரியாகப் பார்க்க முடியாதவர், இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் கூப்பிட்டதும் எழுந்து, "உடம்பப் பாத்துக்குங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதன்பிறகு எத்தனையோ முறை கண்ணாடி முன்னால் நின்று, என் முகத்தில் அவர் என்னதான் கண்டார் என்று யோசித்திருக்கிறேன்.