ஆறெழுத்தில் இறுக்கிய ராக்கெட்

முருகன் அடியார்களுக்கு வணக்கம். என் விரல்களை முறித்த இடத்திலேயே முருகன் எனக்குக் கைகொடுத்தான். அதைச் சொல்லாமல் செத்துப்போகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சண்டை நடக்கிற நாட்டில், வெள்ளவத்தையில் குடியிருந்த ஒரு தமிழன் பேலியகொடையில் கொட்டகை பிடித்து, 'ராக்கெட் கம்பனி' என்று போர்டும் மாட்டினான். அந்த மடையன் நான்தான். கடலில் படகு பழுதானால் மீனவர்கள் உதவி கேட்டுக் கொளுத்திவிடும் சிவப்பு வெளிச்ச ராக்கெட்டுகளைச் செய்தேன். ஒரு சிங்கள முதலாளியிடம் எட்டு வருடம் வேலைசெய்து பழகிய தொழில். லைசன்ஸும் இருந்தது. அது போதும் என்று நம்பினேன்.

அந்த ஐப்பசியில் நகரத்தில் குண்டு வெடித்தது. சஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள் பொலிஸார் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொட்டகையில் அவர்களிடம் அகப்பட்டது என் கணக்குக் கொப்பி. குழாயில் மருந்து போட்டு மரச்சுத்தியலால் இறுக்கும்போது நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. ச, ர, வ, ண, ப, வ. ஆறெழுத்துக்கு ஆறு அடி. கொப்பியிலும் அப்படியே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். அவர்களுக்கு அது குண்டு வைத்த இயக்கத்தின் ரகசியச் செய்தி.

யாருக்கு எழுதினாய் என்று கேட்டு அடித்தார்கள். சாமி பெயர் என்றேன். அதற்கும் அடித்தார்கள். தலைகீழாகத் தொங்கவிட்டுக் குதிக்காலில் பைப்பால் அடித்தார்கள். இடது கை விரல்கள் மூன்றை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் வைத்துச் சாத்தினார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வெறும் வயிற்றோடு இரத்தமாகச் சத்தி எடுத்தேன்.

பொலிஸ் கூட்டில் என்னோடு சிவம் என்றொருவன் இருந்தான். புறக்கோட்டைப் புடவைக்கடையில் சேல்ஸ்மன், கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்தவன். உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து என் விரல்களைக் கட்டிவிட்டான்.

"நானும் விரதம்தான் அண்ணை. ரெண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டா அவன் வராமல் என்ன செய்யப்போறான்?" என்றான்.

கூப்பிட்டோம். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டோம்.

சூரசம்ஹார நாளன்று பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். கொட்டகையிலிருந்து அள்ளிவந்த சாமான்களை முற்றத்தில் பரப்பி, செய்து காட்டச் சொன்னார். மேலே போனால் பார்ப்போம், வெடித்தால் நீயும் முடிந்தாய் என்றார். துப்பாக்கிகளோடு நால்வர் தள்ளி நின்றார்கள். முறிந்த விரல்களால் குழாயைப் பிடித்தேன். கட்டுக்குள்ளிருந்து இரத்தம் வழிந்தது. உன் பெயரால் வாங்கிய அடி, நீயே பார்த்துக்கொள் என்று முருகனிடம் கோபித்துக்கொண்டேன். சுத்தியலை ஓங்கினேன். ஆறெழுத்தும் வாயில் வந்தன. வலி வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

ராக்கெட் நேரே ஏறி, பட்டப்பகலில் சிவப்பாக எரிந்தது. அதிகாரி அண்ணாந்து பார்த்தார். அந்த எழுத்துகளைச் சொல்லியா அடித்தாய், கதிர்காமத்துச் சாமியா என்று சிங்களத்தில் கேட்டார். ஓம், அவன்தான் என்றேன். அந்தச் சாமியைச் சிங்களவர்களும் கும்பிடுவார்கள். பின்னேரம் விட்டுவிட்டார்கள்.

சிவத்தை விடவில்லை. போய்க் கேட்டபோது அப்படி ஒருவர் இங்கே இருக்கவேயில்லை என்றார்கள். அவன் என்னைவிட உருகிக் கூப்பிட்டவன்.

கம்பனியைத் திரும்பவும் தொடங்கினேன். என் ராக்கெட்டால் காப்பாற்றப்பட்ட மீனவர்கள் வந்து என் மடங்காத விரல்களைப் பிடித்து அழுதிருக்கிறார்கள். முன்பு லைசன்ஸை நம்பியவன், இன்று முருகனை நம்புகிறேன். சிவத்துக்காக அவனோடு சண்டையும் பிடிக்கிறேன்.

நீங்களும் நம்பிக் கூப்பிடுங்கள், கோபம் இருந்தாலும் கூப்பிடுங்கள். இந்தச் சஷ்டிக்கு சிவத்தின் பெயரில் ஓர் அர்ச்சனை செய்யுங்கள். ஐயர் நட்சத்திரம் கேட்பார். எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவன் என்று மட்டும் சொல்லுங்கள்.