கழித்த கிலோக்களும் ஒரு புது ஊசியும்

அம்மாவின் இடுப்புப் பக்க முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு தேய்ந்துவிட்டது என்று ஸ்கேன் சொன்னது. அந்த வட்டுக்குள்ளேயே ஜெல்லை ஊசியால் செலுத்தும் சிகிச்சை வருகிறது என்று என் போன் சொன்னது. அதை நம்பித்தான், போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நிபுணர் கொழும்பிலிருந்து வரும் நாளாகப் பார்த்து இரத்தினபுரிக்குக் கிளம்பினோம்.

எஹலியகொடைக்கு மேலே, அம்மா கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டம். பஸ் ரோட்டுக்கு ஐந்து கிலோமீட்டர். குண்டும் குழியுமான பாதை, ஆட்டோவில் முக்கால் மணி நேரம். நல்ல முதுகோடு ஏறுகிறவரும் வலியோடுதான் இறங்குவார்.

"ஊசி போட்டா ஓடியே வந்துருவீங்க போலயே அக்கா. அப்புறம் ஆட்டோவுல ஏற மாட்டீங்க, எனக்கு ஹயர் போச்சு," என்றான் ஆட்டோக்காரச் செல்வம்.

"ஒன் ஹயர் போகட்டும்டா. ஒக்காந்தா எந்திரிக்க முடிஞ்சா போதும் எனக்கு," என்றார் அம்மா.

எஹலியகொடையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். முதுகு வலி உள்ளவர்கள் பின் சீட்டில் மட்டும் உட்காராதீர்கள்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அந்த நிபுணர் டொக்டர் சிங்களத்தில் கேட்டார்: "எவ்வளவு பாரம் சுமக்கிறீர்கள்?"

அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "பதினெட்டுக் கிலோ" என்றார்.

நான் குறுக்கிட்டேன். பதினெட்டு, கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தபின் தோட்டம் எழுதும் எடை. மழை நாளில் அம்மா மலையிலிருந்து இறக்குவது இருபத்துமூன்று.

"கழிச்சதப் போயி ஏன்டி கணக்குல சேக்கிற?" என்று அம்மா தமிழில் அதட்டினார்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஜெல் ஊசி, ஸ்டெம் செல் ஊசி எல்லாம் இன்னும் பரிசோதனையில்தான் இருக்கின்றன, இங்கே போடுவதில்லை. இருப்பது ஸ்டீரொய்ட். அது காலுக்கு இறங்கும் வலியைக் கொஞ்ச நாள் அடக்கலாம், தேய்ந்த வட்டை வளர்க்காது. எந்த ஊசி வந்தாலும் சுமையை நிறுத்த வேண்டும் என்றார்.

"சுமக்காம எப்படி, டொக்டர்?" என்று அம்மா கேட்டார்.

டொக்டர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

இதே வலியோடு போகிறவர்களே, புது ஊசி என்று யாராவது விற்றால், அது பரிசோதனையா வழமையான சிகிச்சையா என்று முதலில் கேளுங்கள். எடை கேட்டால் கழிக்காத எடையைச் சொல்லுங்கள். தேநீர் குடிக்கிறவர்கள் யாரும் அந்த எடையைக் கேட்கப் போவதில்லை.

திங்கட்கிழமை அம்மா மலைக்குப் போனார். நிறுவையில் எடை எழுதும் கணக்கப்பிள்ளை வழக்கம்போலக் கழித்தார்.

"அய்யா, கழிச்சதையும் எழுதுங்க. டொக்டர் கேக்குறாரு," என்றார் அம்மா.

"எழுதினா வலி போயிருமா?"

"போகாதுங்க. ஆனா அதையும் நான்தானே சுமந்தேன்."